பள்ளி ஆற்றுப்படுத்துநர் சமூக நீதிக்குத் துணை நிற்பது எப்படி? ராமநாதபுரம் கடற்கரைப் பள்ளிகளுக்கு நடைமுறை வழிகள் தேவை

கரைவழி (கேள்வி):

வணக்கம். மண்டபத்திலிருந்து தொண்டி வரை கடலோரமாக இருக்கிற அரசுப் பள்ளிகள் சிலவற்றுக்குச் சேர்த்து ஓர் ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்). ஒரு பள்ளிக்கு வாரம் ஒரு நாள். இந்த ஏற்பாட்டுக்குள் நின்றுகொண்டுதான் கேட்கிறேன்.

ஆற்றுப்படுத்துநர் சமூக நீதிக்குத் துணை நிற்க வேண்டும் என்று பயிற்சிகளில் சொல்கிறார்கள். படிநிலைகள், திறன் பட்டியல் எல்லாம் கையில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குள் அது எந்த வேலையாக மாறுகிறது என்பதுதான் பிடிபடவில்லை. எட்டாம் வகுப்பில் இருந்த பையன்கள் பத்தாம் வகுப்பில் இல்லை. கேட்டால் படகுக்குப் போய்விட்டான் என்கிறார்கள். பெண் பிள்ளைகள் பத்தோடு நிற்கிறார்கள். காலனிப் பிள்ளைகள் ஒரே ஓரமாக உட்காருகிறார்கள். இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசினால் மனசு கொஞ்சம் லேசாகிறது, நிலைமை அப்படியே இருக்கிறது. சாதிப் பேச்சை எடுத்தால் 'இல்லாத பிரச்சினையைக் கிளப்பாதீங்க' என்று தலைமையாசிரியர்கள் சொல்வதும் வழக்கம்.

எங்கே தொடங்குவது? எதைச் செய்தால் பிள்ளைக்கே தீங்காக முடியும்? வெளியூரிலிருந்து வருகிற ஒருவர் இந்த வேலையில் வளர்கிறாரா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வருகைப்பதிவேடு:

மேடம், முதல் வேலை அறை. வாரத்தில் ஒரே நாள் வருகிற கவுன்சிலர் யாரைக் கூப்பிட்டாலும் அன்றைக்குச் சாயங்காலமே தெரு முழுக்கத் தெரியும். 'அவளுக்கு என்னமோ பிரச்சினையாம்' என்று பேச்சு கிளம்பிவிடும். அதனால் பிரச்சினை உள்ள பிள்ளையை மட்டும் கூப்பிடாதீர்கள். வரிசை எண்படி வகுப்பு மொத்தத்தையும் ஆளுக்கு ஐந்து நிமிஷம் பாருங்கள். நாற்பது பேர் வகுப்பென்றால் இருநூறு நிமிஷம், அதாவது ஐந்து பாடவேளை. ஒரு நாளைக்கு ஒரு வகுப்பு முடிந்துவிடும். இரண்டாம் சுற்றில் யாருக்கு ஐந்து நிமிஷம் போதாது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். தலைமையாசிரியர் அறையை ஒட்டிய அறை வேண்டாம். மைதானத்து மர நிழல் நல்ல இடம்: எல்லோர் கண்ணுக்கும் தெரியும், பேச்சு காதில் விழாது.

அடுத்தது வருகைப் பதிவேடு. எட்டு, ஒன்பது இரண்டு வகுப்புக்கும் மூன்று மாதப் பதிவை எடுத்து, யார் எந்தெந்தத் தேதியில் வரவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். சாதி வாரியாக வேண்டாம்; தெரு, வீட்டுத் தொழில் இரண்டு மட்டும் பக்கத்தில் இருக்கட்டும். பிறகு அந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் ஊர் நாட்காட்டியை வையுங்கள். இந்தக் கரையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்ற முறை இருக்கிறது. படகு கரை வருகிற காலையில் மீன் பிரிக்க, வலை துவைக்கப் பிள்ளைகள் நிற்பார்கள். பாம்பன் பக்கம் கடலில் இறங்கிக் கடல்பாசி எடுக்கிற பெண்கள் மாதம் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். எந்தப் பன்னிரண்டு நாள் என்பதை ஊரில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்பது மூத்த பெண் பிள்ளை. பதிவேட்டில் 'காய்ச்சல்' என்று இருக்கும்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பாதிக்கு மேல் பள்ளி விடுமுறையோடு போய்விடுவதால் தடைக்காலத்தால் படிப்பு கெடுவதில்லை என்று நினைப்பது பெரிய தப்பு. அந்த இரண்டு மாதம் வாங்கிய கடன் ஜூன் மாதம் பள்ளி திறக்கிற நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும். விடுமுறையில் கேரளக் கரைக்கு மீன்பிடிக்கவோ வேறு வேலைக்கோ அப்பாவோடு போன பையன் திரும்பாமல் போவதும் அப்போதுதான். ஒன்பதாம் வகுப்புக்கு வந்து சேரவேண்டியவர் பட்டியலைப் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே சரிபார்க்க வேண்டும். ஆகஸ்டில் பார்த்தால் பையனுக்குப் படகு வருமானத்தில் பங்கு கைக்கு வர ஆரம்பித்திருக்கும். பங்குக் காசு பார்த்த பையனைத் திருப்புவது பத்து மடங்கு கஷ்டம். பெயரைக் கல்வித் தகவல் இணையத்தில் (எமிஸ்) எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களுக்கான 'பொதுத் தொகுப்பு'க்குத் தள்ளிவிட்டால் பள்ளியின் கணக்கு சுத்தமாகிவிடும். பையன் எங்கே என்று கேட்க ஆள் இருக்காது. தள்ளுவதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லும்படி வகுப்பாசிரியர்களிடம் கேட்டு வையுங்கள். வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநருக்கும் அதே வாரம் தகவல் போகட்டும்.

வீட்டுக்குப் போவதானால் படகு ஓய்வாக நிற்கிற நாளில் போங்கள். பரதவர் ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். மற்ற நாளில் போனால் அம்மாவிடம் மட்டும் பேசித் திரும்புவீர்கள். அம்மா சரி என்பார், முடிவு அப்பாவோடு கடலில் இருக்கும். போகும்போது கையில் புகார் கொண்டுபோகாதீர்கள். பையன் நன்றாகச் செய்கிற ஒன்றை வகுப்பாசிரியரிடம் கேட்டுக்கொண்டு போய் அதில் பேச்சைத் தொடங்குங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் வேகம் வேண்டும். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்த செய்தி வந்த காலை, அந்தப் படகுக்காரர் பிள்ளைகள் பள்ளியில் இருந்தால் முதல் மணிக்குள் ஆசிரியர்களுக்கு இரண்டு சொல்லிவிடுங்கள்: வகுப்பில் யாரும் விசாரிக்க வேண்டாம், பள்ளி வாசலில் தொலைக்காட்சிக்காரர் யாரும் பிள்ளையைப் படம் எடுக்கக் கூடாது. பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதை அவன் வாயால் கேட்ட பிறகுதான் நீங்கள் பேச வேண்டும். 'சீக்கிரம் வந்துடுவாங்க' என்ற வாக்கு வேண்டாம். காவல் நீட்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்த வாக்கு பிள்ளை மனசில் உடையும். சிறையில் இருக்கும் மீனவர் குடும்பத்துக்கு மீன்வளத் துறை வழியாக நாள் கணக்கில் உதவித்தொகை உண்டு. விண்ணப்பம் போயிற்றா என்று கேளுங்கள். வீட்டில் அடுப்பு எரிந்தால்தான் பையன் படகுக்குப் போக மாட்டான்.

சட்டத் தன்னார்வலர்:

எதைச் செய்தால் பிள்ளைக்குத் தீங்கு என்று கேட்டீர்களே, அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன் மேடம்.

இரகசியம் காப்பேன் என்று மொட்டையாக வாக்குக் கொடுக்காதீர்கள். வரிசை எண்படி பார்க்கிற அந்த முதல் ஐந்து நிமிஷத்திலேயே, பிள்ளை எதையும் சொல்வதற்கு முன்னாலேயே, இப்படிச் சொல்லுங்கள்: 'நீ சொல்றதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உன் உயிருக்கு ஆபத்துன்னா, உன்னால இன்னொருத்தருக்கு ஆபத்துன்னா, யாராவது உன்கிட்ட தப்பா நடந்துக்கிட்டாங்கன்னா, இந்த மூணுல மட்டும் சொல்லியாகணும். அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்.' இதைச் சொல்லாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பிறகு காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்தால், அந்தப் பிள்ளை இன்னொரு பெரியவரை நம்பாது.

போக்சோ சட்டம் 2012, பிரிவு 19: பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர் மீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தவர் எவரும் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் பிரிவு 21இன் கீழ் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் உள்ளவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன் என்பதோடு உங்கள் கடமை தீராது. அவர் மேலே சொல்கிறாரா என்று காத்திருக்கவும் கூடாது. எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் வழி திறக்கும்.

கெட்டுப்போகிற இடம் எது தெரியுமா? உண்மையா பொய்யா என்று பள்ளியே விசாரிக்கத் தொடங்குவது. பிள்ளையை நாலு பேர் நாலு தடவை சொல்ல வைப்பார்கள். நாலு தடவையும் வார்த்தை மாறும். அந்த மாற்றத்தை வைத்தே வழக்கு உடையும். பிள்ளை முதலில் சொன்னதை அதே சொல்லில், பேச்சுவழக்கிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள். 'தகாத முறையில் நடந்துகொண்டார்' என்று நீங்களே செந்தமிழாக்கினால் பிள்ளை சொன்னது அதில் இருக்காது. கடலோரத்தில் இன்னொரு ஆபத்து, ஊர்க் கமிட்டியோ ஜமாஅத்தோ தேவாலயப் பங்குப் பேரவையோ பேசி முடித்துவிடுவது. அந்த அமைப்புகள் பல நல்ல காரியம் செய்கிறவை. ஆனால் இந்தக் குற்றத்தில் சமரசத்துக்கு இடமே கிடையாது. அவர்களிடம் சண்டை போடவும் வேண்டாம். 'சட்டப்படி நான் சொல்லியாகணும், சொல்லிட்டேன்' என்பதே போதும்.

வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, காவலர் சீருடை இல்லாமல்தான் பதிவு செய்ய வேண்டும் (பிரிவு 24). பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம் (பிரிவு 26). அந்த 'நம்பும் ஒருவர்' நீங்களாக இருக்கலாம். இது பலருக்கும் தெரிவதில்லை. பெற்றோர் பயந்து பின்வாங்குகிற வீடுகளில் பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆள் கிடைப்பது பெரிய விஷயம்.

இனி சாதி. 'இல்லாத பிரச்சினை' என்கிற தலைமையாசிரியரிடம் சாதி என்ற சொல்லை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கண்ணால் எண்ணக்கூடியதை எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு வாரம் பாருங்கள்: கழிவறை கழுவ, வகுப்பறை பெருக்க, தண்ணீர் தூக்க யார் பெயர் கூப்பிடப்படுகிறது? யார் யாரோடு சாப்பிடுகிறார்கள்? வகுப்புத் தலைவர் எந்தத் தெரு? உதவித்தொகைப் படிவம் வந்த நாளில் ஆசிரியர் என்ன சொன்னார்? 'எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்க' என்ற ஒரு வாக்கியம் போதும், ஒரு வருஷம் கட்டிய நட்பை வகுப்பில் இரண்டாகப் பிளக்க. மாற்று வழி சுலபம். வகுப்பில் உள்ள எல்லோருக்கும் ஒரே மாதிரி உறை கொடுங்கள். உள்ளே அவரவருக்கு உரிய படிவம், பேருந்து அட்டை விவரம், சான்றிதழ் நினைவூட்டல் என்று ஏதோ ஒன்று இருக்கட்டும். வாங்கும்போதும் உறையாகவே வாங்குங்கள். செலவு நாற்பது உறை.

2023இல் பட்டியல் சாதி மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, மாணவர்களை அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது என்பன அதில் உள்ள பரிந்துரைகள். உங்கள் பேச்சுக்கு அதைப் பிடிமானமாக வைத்துக்கொள்ளலாம். இட மாற்றத்தில் ஒரு நுணுக்கம்: பெஞ்சை மட்டும் சுழற்றினால் பழைய ஜோடி ஜோடியாகவே நகர்வார்கள். பக்கத்தில் உட்காருபவர் மாற வேண்டும். ஒற்றைப்படை எண்கள் மட்டும் வாரம் ஓர் இடம் தள்ளினால் அது நடக்கும். கயிற்றை ஒரு பக்கத்துப் பையனிடம் மட்டும் அவிழ்க்கச் சொன்னால் மறுநாள் இரண்டு மடங்காகக் கட்டிக்கொண்டு வருவார்கள். எல்லோருக்கும் ஒரே நாள், முன்கூட்டியே பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிட்டு.

நம் மாவட்டத்தில் செப்டம்பர் 11 பரமக்குடி (இம்மானுவேல் சேகரன் நினைவு நாள்), அக்டோபர் 30 பசும்பொன் (தேவர் குருபூசை), இரண்டுக்கும் முந்தைய பத்து நாள் கடற்கரைப் பள்ளியிலும் காற்று மாறும். விடுதியில், பேருந்தில், கழிவறைச் சுவரில் முதலில் தெரியும். அந்த நாட்களில் குழு விளையாட்டுப் போட்டி வைக்காதீர்கள். சுவர் எழுத்தை அன்றைக்கே படம் எடுத்துப் பதிந்துவிட்டு வெள்ளையடிக்கச் சொல்லுங்கள். 'யார் எழுதினது' என்ற பொது விசாரணையில் பழி எப்போதும் குரல் சிறுத்த பக்கத்துக்கே போகும்.

சாதிப் பெயர் சொல்லிப் பொதுப் பார்வையில் திட்டியிருந்தால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள் வரும், புலன்விசாரணை டி.எஸ்.பி. நிலை அதிகாரியுடையது. செய்தவனும் மாணவன் என்றால் அவன் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். இரண்டு பிள்ளைகளையும் நேருக்கு நேர் உட்காரவைத்துக் கைகுலுக்கச் சொல்வது மட்டும் கூடவே கூடாது. அடிபட்ட பிள்ளைக்கு அது இரண்டாவது அவமானம். புகார் கொடுப்பதா என்பதைப் பிள்ளையும் குடும்பமும் முடிவுசெய்யட்டும். கொடுத்தால் என்னென்ன நடக்கும், தெருவில் என்ன எதிர்ப்பு வரலாம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100.

பாசிக்கரை:

வருகைப்பதிவேடு அண்ணன் சொன்ன நாட்காட்டி நல்லதுதான். ஆனால் அது ஆசிரியர் அறைக்குப் போனால் என்னவாகும் தெரியுமா? 'பாசி எடுக்கிற நாள், அந்தப் பிள்ளைங்க வராதுங்க' என்று முன்கூட்டியே பாடத்தை நகர்த்திவிடுவார்கள். காரணம் தெரிந்ததும் கவலை போய்விடும். கவுன்சிலர் கையில் அது கேள்வியாக இருக்க வேண்டும்: அந்தப் பன்னிரண்டு நாளும் கைக்குழந்தையை யார் பார்ப்பது? ஊரில் அங்கன்வாடி எத்தனை மணிக்குத் திறக்கிறது, அம்மா எத்தனை மணிக்குக் கடலில் இறங்குகிறாள்? விடிகாலைக்கும் அங்கன்வாடிக்கும் இடையில் இருக்கிற அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் ஒரு பெண் பிள்ளையின் படிப்பைத் தின்கிறது. அதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வையுங்கள். சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அங்கே பேச வேண்டியவர் அந்த அம்மா. நீங்கள் செய்யவேண்டியது கூட்டத்தை அவர் கடலுக்குப் போகாத நாளில் வைக்கச் சொல்வது, முதல் நாள் அவரோடு உட்கார்ந்து என்ன கேட்பது என்று பேசிப் பார்ப்பது, அவர் சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்ப்பது. மேடம் எங்களுக்காகப் பேசினாங்க என்று ஊர் சொன்னால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது.

பெண் பிள்ளைகள் பத்தோடு நிற்பது பற்றி. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று பேச்சு வந்தாலே, 'அவங்க வழக்கம் அப்படி' என்று முடித்துவிடுகிறார்கள். வழக்கம் என்று ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் பேருந்து நேரத்தைப் பாருங்கள். மேல்நிலைப் பள்ளி எத்தனை கிலோமீட்டர், சிறப்பு வகுப்பு முடிந்த பிறகு கடைசி நகரப் பேருந்து எப்போது, நிறுத்தத்தில் விளக்கு எரிகிறதா, பள்ளியில் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடுகிற தொலைதூரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் செல்லாது. சில கிராம நிறுத்தங்களில் அது நிற்பதும் இல்லை. நிற்பதற்கான மனுவை ஊர்ப் பெண்களே கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கலாம். மனுவில் பேருந்து எண், நேரம், நிறுத்தத்தின் பெயர், எத்தனை மாணவிகள் என்ற நாலும் இருந்தால்தான் போக்குவரத்துக் கழகத்துக்குப் போய்ப் பதில் வரும். 'ஆவன செய்யுமாறு' என்று மட்டும் எழுதினால் அனுப்பிவைக்கப்பட்டது என்ற தாளோடு முடிந்துவிடும்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் வரும். இதை மாணவியிடம் சொல்வதைவிட அவளுடைய பாட்டியிடம் சொல்லுங்கள். வீட்டில் முடிவு பல நேரம் அங்கேதான் இருக்கிறது.

கல்யாணப் பேச்சு என்று காதில் விழுந்தால் வயது 18 ஆகவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு 1098க்கோ மாவட்டச் சமூக நல அலுவலருக்கோ சொல்லலாம். நிறுத்திவிட்டோம் என்று செய்தியாக்கிவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை வீட்டை விட்டு வெளியே விடமாட்டார்கள். அடுத்த மூன்று மாதம் அவள் பள்ளிக்கு வருகிறாளா என்பதைப் பார்ப்பதுதான் உண்மையான வேலை. யார் தகவல் கொடுத்தது என்று அவள் மேல் சந்தேகம் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கரைவழி:

மூவருக்கும் மிக்க நன்றி. உறை யோசனையும் ஒற்றைப்படை எண் சுழற்சியும் அடுத்த வாரமே செய்யக்கூடியவை. அக்கா, நாட்காட்டியை ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதைக் குறித்துக்கொண்டேன். இரண்டு பாக்கி இருக்கிறது. மனநோய் அறிகுறி தெரிகிற பிள்ளையை வீட்டார் தர்காவுக்கு அழைத்துப்போகும்போது என்ன சொல்வது? முகாம் பிள்ளைகளுக்கு எதிர்காலம் பற்றிப் பேசும்போது எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? வளர்ச்சியை அளப்பது பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

பயிற்சிக்கூடம்:

தர்கா கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் பக்கம் அது ஏர்வாடி தர்காதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் (பிரிவு 95) எந்த வடிவத்திலும் தடைசெய்கிறது. இந்த வரலாறு தெரிந்ததும் தர்காவுக்குப் போவதையே எதிர்த்துப் பேசத் தோன்றும். அப்படிப் பேசினால் அந்தக் குடும்பம் உங்களிடம் திரும்பி வராது. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் கூட நம்பிக்கையோடு போகிற இடம் அது. 'தர்காவுக்குப் போங்க, மாத்திரையையும் விடாதீங்க' என்பதே போதும். போவதற்கு முன் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரை ஒருமுறை பார்க்க வையுங்கள். தேதி, நேரம், யாரைக் கேட்பது என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். இரவில் அவசரம் என்றால் மனநல உதவி எண் 14416. தற்கொலைக்கு முயன்றவர் மீது வழக்கு வருமே என்று பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் இருப்பவர்கள் உண்டு. அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் பிரிவு 115 சொல்வதை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

முகாம் பிள்ளைகள் பேசாததற்குப் பல நேரம் காரணம் பேச்சேதான். 'கதைக்கிறது' என்று ஒரு பிள்ளை சொன்னதும் வகுப்பு சிரித்தால் அடுத்த மாதம் அந்தப் பிள்ளையிடம் பேச்சே இருக்காது. சிரிக்கும்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதைத்தான் திருத்த வேண்டும். சேர்க்கையில் பிறப்புச் சான்றோ மாற்றுச் சான்றோ இல்லை என்று தொடக்கநிலைப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

எதிர்காலம் பற்றிப் பேசும்போது ஊக்கம் என்ற பெயரில் ஐ.ஏ.எஸ். ஆகலாம் என்று சொல்லிவிடாதீர்கள். அரசு வேலைக்குக் குடியுரிமை வேண்டும் என்பது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு தெரிந்தால் அந்தப் பிள்ளை உடைந்துபோகும். குடியுரிமை அற்றவர்களுக்கும் திறந்திருக்கும் படிப்புகளையும் தனியார் வேலைகளையும் ஒன்பதாம் வகுப்பிலேயே பேசுங்கள். கூடவே ஒன்று கேளுங்கள்: அம்மாவோ அப்பாவோ எங்கே, எந்த ஆண்டு பிறந்தார்? 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவருக்குப் பிறப்பால் குடியுரிமை கோர சட்டத்தில் இடம் உண்டு. பிள்ளைக்கு அது எப்படி வரும் என்பது சிக்கலான கேள்வி. அதற்குப் பதிலை நீங்கள் சொல்லாமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். பிறப்புச் சான்றைத் தேடி எடுத்து வைக்கச் சொல்வது மட்டும் உங்கள் வேலை.

ஆற்றுப்படுத்துநர் என்ற சொல்லே இதைத்தான் சொல்கிறது. ஆற்றுப்படைப் பாடல்களில் பரிசில் பெற்று வருகிறவன் எதிரே வருகிறவனிடம் 'கவலைப்படாதே' என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. எந்த வழி, எந்த நிலம், அங்கே என்ன கிடைக்கும், யாரைப் பார்ப்பது என்று விரிவாகச் சொல்கிறான். எந்த அலுவலகம், எந்த மேசை, எந்தத் தாள் என்று சொல்லத் தெரிந்த கவுன்சிலர் அந்தப் பெயருக்கு உரியவர்.

வளர்ச்சிக்கு வருகிறேன். அமெரிக்க ஆலோசனைக் கழகம் 2003இல் ஏற்ற வகைப்பாடு ஒன்று இங்கேயும் பொருந்துகிறது. வேலையை அது மூன்று தளமாகப் பிரிக்கிறது: தனி மாணவர், பள்ளியும் ஊரும், பொதுவெளி. ஒவ்வொரு தளத்திலும் அவரோடு சேர்ந்து செய்வது ஒன்று, அவருக்காகச் செய்வது ஒன்று. ஆக ஆறு கட்டம். மாதக் கடைசியில் உங்கள் குறிப்பேட்டில் உள்ள ஒவ்வொரு வேலையையும் ஆறில் ஒரு கட்டத்தில் போடுங்கள். புதியவர்களுக்குக் கிட்டத்தட்ட எல்லாமே முதல் கட்டத்தில் விழும். அங்கே ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர் என்பது பரிந்துரை. உங்களுக்குப் பல பள்ளிகள். ஆகவே பிள்ளையை மட்டும் தேற்றிக்கொண்டிருப்பது கணக்கிலேயே கட்டுப்படியாகாது. ஒரு பருவத்துக்கு ஒரு ஏற்பாட்டையாவது, உறையோ இருக்கையோ பேருந்தோ, மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இன்னொரு அளவும் உண்டு. உங்களிடம் வந்த கடைசிப் பத்துப் பிள்ளைகளில், பிள்ளை தன்னை மாற்றிக்கொண்டதால் முடிந்தவை எத்தனை, பெரியவர்கள் எதையாவது மாற்றியதால் முடிந்தவை எத்தனை? பத்தும் முதல் வகை என்றால் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளப் பழக்குகிறீர்கள் என்று அர்த்தம். நல்ல மனசோடு செய்கிறவர்கள் இங்கேதான் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். பாவம் என்று இரங்கி உதவுகிற நிலையில், நன்றி வராதபோது கோபம் வரும். தவறைச் சுட்டிக்காட்டினால் மனசு புண்படும். அந்தக் கோபம் வருகிற நாளைக் குறிப்பேட்டில் குறித்து வையுங்கள். வேறு சாதி, வேறு மதம், வேறு பாலினத்தைச் சேர்ந்த இரண்டு சக ஆற்றுப்படுத்துநர்களோடு மாதம் ஒருமுறை, பிள்ளையின் பெயரோ ஊரோ சொல்லாமல், அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். ஒரே ஊர், ஒரே சாதிக்காரர் மூன்று பேர் உட்கார்ந்தால் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

தலைமையாசிரியரிடம் ஒரு பக்கத்துக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். எண்ணிப் பார்த்த மூன்று விவரம், ஒரே ஒரு வேண்டுகோள், எந்தப் பிள்ளை பெயரும் இல்லை. 'செய்து பார்ப்போம், ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பேசுவோம்' என்று தேதி வாங்கிக்கொண்டு எழுங்கள்.

வருகைப்பதிவேடு:

பாசிக்கரை சொன்னது சரி, அதை ஏற்றுக்கொள்கிறேன். நாட்காட்டித் தாளை கவுன்சிலர் தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும். ஆசிரியர்களுக்குப் போகவேண்டியது வேறொரு தாள்: வராத நாளில் நடந்த பாடம் என்ன, அதைத் திரும்பச் சொல்லித்தர மதிய இடைவேளையில் எந்த இருபது நிமிஷம், யார். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் மட்டும் முதலில் தொடங்குங்கள். மூன்று நாள் பாடம் விட்ட பிள்ளை நாலாவது நாள் வராமல் இருப்பதற்குக் கடலைவிட அந்த இரண்டு பாடமே பெரிய காரணம்.